‘மிகாமல்’, ‘குறையாமல்’, ‘ஆவது’: வாக்கியக் கணக்கைப் படித்துப் போடும் முறை

களத்தில் 2,310 கிலோ நெல் கிடக்கிறது. கொள்முதல் நிலையத்துச் சாக்கு ஒன்றுக்கு 40 கிலோ. 2,310-ஐ 40 ஆல் வகுத்தால் 57.75. இதுவரை ஆறாம் வகுப்புப் பிள்ளையே போட்டுவிடும். சிக்கல் இதற்குப் பிறகுதான். ‘எத்தனை சாக்கு முழுதாக நிறையும்?’ என்று கேட்டால் விடை 57. ‘நெல் முழுவதையும் பிடிக்க எத்தனை சாக்கு வேண்டும்?’ என்றால் 58. ‘கடைசிச் சாக்கில் எவ்வளவு இருக்கும்?’ என்றால் 30 கிலோ. வகுத்தல் ஒன்று, விடை மூன்று. 57.75 என்று எழுதிவைக்கும் பிள்ளைக்கு வகுக்கத் தெரியாமல் இல்லை. கேள்வியின் கடைசிச் சொற்களைப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

காவிரிப் படுகையில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் வீட்டுத் திண்ணையில் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தர உட்காரும் பெற்றோருக்கும், மாலையில் டியூஷன் எடுக்கத் தொடங்கியிருப்பவர்களுக்கும், ஆறு முதல் ஒன்பது வரை படிக்கும் மாணவர்களுக்கும் இது உதவும். எடுத்துக்கொள்வது மூன்று பகுதிகள்: காரணிகள், இயற்கணிதக் கோவைகள் (எழுத்தும் எண்ணும் கலந்து எழுதுபவை), அசமன்பாடுகள் (சமம் என்பதற்குப் பதில் கூடுதல், குறைவு என்று வருபவை). மூன்றிலும் தவறு பெரும்பாலும் கூட்டல் கழித்தலில் நேர்வதில்லை. ‘ஐ விட’, ‘இலிருந்து’, ‘மிகாமல்’ போன்ற சிறு சொற்களைத் தாண்டிப் போவதில்தான் நேர்கிறது.

பள்ளியில் தெரியாத எண்ணுக்கு எக்ஸ், ஒய் என்று வைப்பார்கள். இங்கே ந, ப என்று வைத்திருக்கிறோம். எழுத்து எதுவானாலும் கணக்கு மாறாது.

எழுதத் தொடங்குமுன்

கணக்கைக் கடைசி வாக்கியத்திலிருந்து படியுங்கள். தமிழில் வினை கடைசியில் வரும், கேள்வியும் கடைசியில்தான் வரும். முதல் வரியிலிருந்து எண்களைப் பொறுக்கிக்கொண்டே வந்தால், கேள்வியை எட்டும்போது மனம் ஏற்கெனவே ஏதோ ஒரு செயலைத் தொடங்கிவிட்டிருக்கும்.

கடைசி வாக்கியத்தைப் படித்ததும் நோட்டில் விடைக்கான வரியை முதலில் எழுதிவிடுங்கள், எண்ணுக்கு மட்டும் இடம் விட்டு: ‘தேவையான சாக்குகள் = ____’. இந்த ஒரு வரி இரண்டு வேலை செய்கிறது. அலகு என்ன என்று சொல்லிவிடுகிறது. விடை முழு எண்ணாக இருக்க வேண்டுமா, பின்னமாக இருக்கலாமா என்பதையும் காட்டிவிடுகிறது. சாக்கு, ஆள், மரம், வண்டி என்றால் முழு எண். கிலோ, அடி, மணி என்றால் பின்னமும் வரலாம்.

அடுத்து, கொடுத்த எண்களை அலகோடு ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். வெறும் 40 என்று எழுதாதீர்கள், ‘சாக்குக்கு 40 கிலோ’ என்று எழுதுங்கள். அலகு இல்லாத எண்ணைத்தான் பிள்ளைகள் தவறான இடத்தில் பெருக்குகிறார்கள்.

பிறகு கணக்கைப் போட்டு, வந்த விடையை முதல் வாக்கியத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். நீங்கள் எழுதிய சமன்பாட்டில் வைத்துச் சரிபார்த்தால் போதாது. சமன்பாட்டையே தப்பாக எழுதியிருந்தால் அது தப்பான விடையையும் ‘சரி’ என்றுதான் சொல்லும்.

காரணிக் கணக்கு: வெட்டுகிறோமா, சந்திக்கிறோமா

கொடுத்த எண்கள் எல்லாவற்றையும் மிச்சமின்றி வகுக்கும் மிகப்பெரிய எண் இன்றைய பாடநூலில் மீப்பெரு பொதுக் காரணி, சுருக்கமாக மீ.பெ.கா. வீட்டில் மூத்தவர்கள் மீ.பொ.வ. என்பார்கள், அதாவது மீப்பெரு பொது வகுத்தி. இரண்டும் ஒன்றே. மீச்சிறு பொது மடங்கை (கொடுத்த எண்கள் எல்லாம் மிச்சமின்றி வகுக்கும் மிகச்சிறிய எண்ணை) மீ.சி.ம. என்றும் மீ.பொ.ம. என்றும் எழுதுவதும் அப்படித்தான். பெயர் வேறாக இருப்பதால் அப்பா சொல்வது வேறு, ஆசிரியர் சொல்வது வேறு என்று பிள்ளை குழம்ப விடாதீர்கள்.

எந்தக் கணக்குக்கு எது என்பதுதான் பெரிய குழப்பம். ‘மீப்பெரு’ என்ற சொல்லைக் கேட்டதும் விடை பெரிதாக வரும் என்று பிள்ளை நினைக்கிறது. நடப்பது நேர்மாறு. மீ.பெ.கா. ஒருநாளும் கொடுத்த எண்களில் சிறியதைத் தாண்டாது. மீ.சி.ம. ஒருநாளும் கொடுத்த எண்களில் பெரியதற்குக் கீழே வராது. ஆகவே கேள்வியிடம் ஒன்றைக் கேளுங்கள்: இருப்பதைச் சம துண்டாக வெட்டுகிறோமா, பிரிக்கிறோமா? அப்படியானால் விடை சிறிது, மீ.பெ.கா. திரும்பத் திரும்ப நடப்பவை எப்போது ஒன்றாக வந்து சேரும் என்று பார்க்கிறோமா? அப்படியானால் விடை பெரிது, மீ.சி.ம. ‘மிகப்பெரிய’, ‘மிகச்சிறிய’ என்ற சொற்களை மட்டும் நம்பி முறையைத் தேர்ந்தெடுப்பதைவிட இது பாதுகாப்பானது.

வெட்டும் கணக்கு ஒன்று. மாப்பிள்ளைச் சம்பா 84 கிலோ, கருப்புக் கவுனி 126 கிலோ, கிச்சிலிச் சம்பா 210 கிலோ விதைநெல் இருக்கிறது. ஒன்றோடொன்று கலக்காமல், எல்லாப் பையிலும் ஒரே எடை வரும்படி, மிச்சமில்லாமல் கட்ட வேண்டும். பைகள் முடிந்தவரை குறைவாக இருக்க வேண்டும். எத்தனை பைகள்?

84 = 2 × 2 × 3 × 7
126 = 2 × 3 × 3 × 7
210 = 2 × 3 × 5 × 7

மூன்றிலும் இருப்பவை ஒரு 2, ஒரு 3, ஒரு 7. பெருக்கினால் 42. இங்கேயே நிறுத்தி ‘விடை 42’ என்று எழுதுவதுதான் வழக்கமான பிழை. 42 என்பது ஒரு பையின் எடை. கேட்டது பைகளின் எண்ணிக்கை. 84 ÷ 42 = 2, 126 ÷ 42 = 3, 210 ÷ 42 = 5, மொத்தம் 10 பைகள். இந்தக் கணக்கில் ‘மிகப்பெரிய’ என்ற சொல்லே இல்லை, ‘குறைவான பைகள்’ என்றுதான் இருக்கிறது. பை குறைய வேண்டுமானால் பையின் எடை கூட வேண்டும், அதனால் மீ.பெ.கா.

பகாக் காரணி பிரிப்பது நீளமாகத் தோன்றினால் கழித்துக்கொண்டே போகலாம். 210 − 126 = 84. 126 − 84 = 42. 84-ஐ 42 மிச்சமின்றி வகுக்கிறது, ஆக 210, 126 இரண்டின் மீ.பெ.கா. 42. மூன்றாவது எண்ணான 84-ஐயும் 42 வகுக்கிறது. முடிந்தது. எண்கள் பெரிதாகும்போது இதுவே விரைவான வழி.

ஏணி போலக் கோடிட்டு வகுக்கும் முறையில் ஓர் இடறல் உண்டு. மீ.பெ.கா. காணும்போது எல்லா எண்களையும் வகுக்கும் எண்ணால் மட்டும் வகுக்க வேண்டும், அப்படி ஒன்று கிடைக்காதபோது நிறுத்திவிட வேண்டும். மீ.சி.ம. காணும்போது ஏதாவது ஓர் எண்ணை வகுத்தாலும் வகுத்துக்கொண்டே, எல்லாம் 1 ஆகும்வரை போக வேண்டும். இரண்டும் பார்வைக்கு ஒரே ஏணி. நிறுத்தும் இடம்தான் வேறு.

இப்போது சந்திக்கும் கணக்கு. மேட்டூர் அணையிலிருந்து பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அன்றைய நாளையே கணக்குக்கு எடுத்துக்கொண்டு, முறைப்பாசனத்தில் ஒரு வாய்க்காலுக்கு 6 நாளுக்கு ஒருமுறையும் மற்றொன்றுக்கு 8 நாளுக்கு ஒருமுறையும் தண்ணீர் விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 12 அன்று இரண்டிலும் தண்ணீர் வந்தது. அடுத்து என்றைக்கு இரண்டிலும் சேர்ந்து வரும்? 6, 8 இவற்றின் மீ.சி.ம. 24. விடை 24 அல்ல, தேதி. ஜூனுக்கு 30 நாள், 12-லிருந்து 30 வரை நகர 18 நாள் போய்விட்டது, மீதி 6. ஜூலை 6. ஜூன் 12-ஐயே முதல் நாளாக எண்ணிவிட்டு ஜூலை 5 என்று எழுதுவோர் பலர். நாள் கூட்டும்போது தொடக்க நாள் 0, மறுநாள்தான் 1.

எண்ணிக்கையில் ஒன்று கூடுவதும் குறைவதும் மரம் நடும் கணக்கில் இன்னும் தெளிவாகத் தெரியும். தென்னைக்கு வரிசைக்கு வரிசை 25 அடி இடைவெளி விடுவது வழக்கம். 175 அடி நீளமும் 125 அடி அகலமும் உள்ள கொல்லையைச் சுற்றி, நான்கு மூலையிலும் மரம் வரும்படி, ஒரே சீராக, முடிந்தவரை அதிக இடைவெளியில் நட வேண்டும் என்றால் 175, 125 இவற்றின் மீ.பெ.கா. 25. சுற்றளவு 600 அடி. 600 ÷ 25 = 24 மரங்கள். இங்கே ஒன்றைக் கூட்டக் கூடாது, ஏனென்றால் சுற்றி வந்து முதல் மரத்திலேயே முடிகிறோம். அதே 175 அடியில் ஒரே ஒரு வரப்பின் மேல், இரு முனையிலும் மரம் வைத்தால் 175 ÷ 25 = 7 இடைவெளி, 8 மரங்கள். மூடிய சுற்று என்றால் இடைவெளியும் மரமும் சமம். நேர்வரிசை என்றால் மரம் ஒன்று கூடுதல். நம்பாத பிள்ளையிடம் நோட்டில் மூன்று இடைவெளி வரைந்து புள்ளிகளை எண்ணச் சொல்லுங்கள்.

மீதி வரும் கணக்குகளை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒன்று: தேங்காய்க் குவியலை 6, 6 ஆக அடுக்கினாலும், 8, 8 ஆக அடுக்கினாலும், 9, 9 ஆக அடுக்கினாலும் 4 மிஞ்சுகிறது. காய்கள் 100-க்கு மேல், 200-க்குக் குறைவு. எத்தனை? 6, 8, 9 இவற்றின் மீ.சி.ம. 72. அதன் மடங்கோடு 4 கூட்ட வேண்டும்: 76, 148, 220. வரம்புக்குள் வருவது 148. ‘100-க்கு மேல்’ என்ற வரியைப் படிக்காமல் 76 என்று எழுதினால் முழு மதிப்பெண்ணும் போகலாம். (வரம்பே சொல்லாமல் ‘மிகச்சிறிய எண்’ என்று கேட்டால், கண்டிப்பாகப் பார்த்தால் 4-கூட விடைதான். 4-ஐ 6 ஆல் வகுத்தாலும் மீதி 4 தானே. நல்ல கேள்வித்தாளில் அதைத் தவிர்க்கவே வரம்பு கொடுப்பார்கள்.)

மற்றொன்று: 130 நோட்டும் 175 பேனாவும் பிள்ளைகளுக்குச் சமமாகக் கொடுத்ததில் நோட்டில் 4, பேனாவில் 7 மிஞ்சின. பிள்ளைகள் அதிகபட்சம் எத்தனை பேர்? மிஞ்சியதை முதலில் எடுத்துவிட வேண்டும். 126, 168. மீ.பெ.கா. 42. விடை 42 பேர். இங்கே ஒரு சோதனை கட்டாயம்: மீதியான 7 இந்த 42-ஐ விடச் சிறியதா? ஆம். விடை மீதிக்குச் சமமாகவோ அதைவிடச் சிறியதாகவோ வந்தால் எங்கோ தவறு, ஏனென்றால் அந்த மீதியையும் தலைக்கு ஒன்றாகப் பங்கிட்டிருக்க முடியும்.

இரண்டு எண்களின் பெருக்கற்பலன் அவற்றின் மீ.பெ.கா., மீ.சி.ம. இவற்றின் பெருக்கற்பலனுக்குச் சமம். சரிபார்க்க நல்ல கருவி. ஆனால் மூன்று எண்ணுக்கு இதை நீட்டக் கூடாது. 4, 6, 10-க்கு மீ.பெ.கா. 2, மீ.சி.ம. 60, பெருக்கினால் 120. மூன்று எண்களையும் பெருக்கினால் 240.

கோவை: உருபு சொல்வதை எழுதுவது

தமிழில் எண்ணோடு ஒட்டிவரும் உருபே அந்த எண்ணுக்கு உரிய இடத்தைச் சொல்லிவிடும். வாக்கியத்தில் எண் முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்று பார்ப்பது வீண்.

‘12-இலிருந்து ந-வைக் கழிக்க’ என்பதும் ‘ந-வை 12-இலிருந்து கழிக்க’ என்பதும் ஒன்றே: 12 − ந. ‘இலிருந்து’ ஒட்டிய எண் முதலில் வரும். ‘ந-வை விட 12 குறைவு’ என்றால் ந − 12. ‘ஐ விட’ ஒட்டியது முதலில் வரும். ‘ஆல்’ ஒட்டிய எண் வகுத்தலில் கீழே போகும்: ‘5 ஆல் ந-வை வகுக்க’ என்றாலும் ‘ந-வை 5 ஆல் வகுக்க’ என்றாலும் ந-வின் கீழ் 5. கழித்தலிலும் வகுத்தலிலும் இடம் மாறினால் விடை மாறும் என்பதால் இந்த மூன்று உருபுகளையும் கோடிட்டுப் படிக்கப் பழக்குங்கள்.

அடைப்புக்குறி எங்கே வரும் என்பதையும் உருபே சொல்கிறது. ‘ந-வின் 3 மடங்குடன் 7-ஐக் கூட்டுக’ என்றால் 3ந + 7. ‘ந-வுடன் 7-ஐக் கூட்டி வருவதன் 3 மடங்கு’ என்றால் 3(ந + 7), அதாவது 3ந + 21. ‘கூட்டி வருவதன்’, ‘கூடுதலின்’, ‘வித்தியாசத்தின்’ என்று கண்டால் அதற்கு முன்னால் சொன்னது முழுவதையும் ஓர் அடைப்புக்குறிக்குள் போடுங்கள். இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை என்றால் ந-வுக்கு 10 வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று 37, மற்றொன்று 51.

நடவுக் கூலியை வைத்து ஒன்று பார்க்கலாம். ஆளுக்குக் கூலி 400 ரூபாய், ஆளுக்கு டீ, வடைக்கு 20 ரூபாய், எல்லாரையும் அழைத்துவரும் வண்டிக்கு மொத்தமாக 600 ரூபாய் என்று வைப்போம். ந ஆள் வந்தால் செலவு? 400ந + 20 + 600 என்று எழுதுவது பிழை. டீ ‘ஆளுக்கு’ என்று வந்திருக்கிறது, வண்டி ‘மொத்தமாக’ என்று வந்திருக்கிறது. ‘ஆளுக்கு’, ‘மூட்டைக்கு’, ‘மாவுக்கு’ என்று ‘கு’ ஒட்டி வந்தால் பெருக்கல். ‘மொத்தமாக’, ‘ஒரே தடவை’ என்றால் தனியே நிற்கும் மாறிலி. ஆகவே 420ந + 600.

இனி, எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளும் தவறும் இடம். டெல்டாவில் நிலத்தை இன்றும் மா, வேலி என்று சொல்கிறார்கள். ஒரு வேலிக்கு 20 மா, ஒரு மாவுக்கு 100 குழி. குழி 144 சதுர அடி என்பதால் ஒரு மா 14,400 சதுர அடி, ஏறக்குறைய 33 சென்ட். ஒரு நிலம் வேலிக் கணக்கில் ‘வ’, அதே நிலம் மா கணக்கில் ‘ம’ என்று வைத்து, இரண்டுக்கும் உள்ள உறவை எழுதச் சொல்லுங்கள். ‘ஒரு வேலிக்கு இருபது மா’ என்பதைச் சொல்லுக்குச் சொல் எழுதி வ = 20ம என்பார்கள். சரிபாருங்கள்: நிலம் 1 வேலி என்றால் வ = 1, ம = 20. அந்தச் சமன்பாடு 1 = 400 என்கிறது. சரியானது ம = 20வ.

ஏன் தவறுகிறது? ‘வ’ என்ற எழுத்தைப் பிள்ளை ‘வேலி’ என்ற சொல்லின் சுருக்கமாகப் படிக்கிறது. இயற்கணிதத்தில் எழுத்து பொருளைக் குறிப்பதில்லை, எண்ணிக்கையைக் குறிக்கிறது. சிறிய அலகில் அளந்தால் எண்ணிக்கை பெரிதாக வரும், அதனால் சிறிய எண்ணிக்கையான வேலிப் பக்கத்தில்தான் 20 பெருக்க வேண்டும். இந்தக் குழப்பம் வராமலிருக்க இரண்டு பழக்கங்கள் போதும். அலகின் முதல் எழுத்தை மாறியாக வைக்காதீர்கள். மாறியை எழுதும்போது ‘ந = வேலிகளின் எண்ணிக்கை’ என்று முழுதாக எழுதுங்கள், ‘ந = வேலி’ என்று எழுதாதீர்கள்.

வயதுக் கணக்கில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: 5 ஆண்டு கழித்து என்றால் இருவருக்கும் 5 கூட்ட வேண்டும்.

அசமன்பாடு: எல்லை எண் சேருமா, சேராதா

‘குறையாமல்’ என்ற சொல்லில் ‘குறை’ இருக்கிறது. அதைப் பார்த்ததும் பிள்ளையின் கை < போடுகிறது. ‘30-க்குக் குறையாமல்’ என்றால் 30 அல்லது அதற்கு மேல், ≥ 30. ‘மிகாமல்’ என்பதிலும் இதே கண்ணி: ‘50-க்கு மிகாமல்’ என்றால் ≤ 50. சொல்லின் கடைசியில் இருக்கும் ‘ஆமல்’ முழுப் பொருளையும் திருப்பிவிடுகிறது, கூடவே எல்லை எண்ணையும் உள்ளே சேர்த்துவிடுகிறது. ‘தாண்டக் கூடாது’, ‘அதிகபட்சம்’ ஆகியவையும் ≤. ‘குறைந்தது’, ‘குறைந்தபட்சம்’ ஆகியவை ≥. ‘ஆவது’ என்ற சின்னச் சொல்லும் அப்படித்தான்: ‘30 பேராவது வர வேண்டும்’ என்றால் ≥ 30. பேச்சில் தினம் புழங்கும் சொல் என்பதால் இதைக் கணக்குச் சொல்லாகவே பிள்ளைகள் கவனிப்பதில்லை.

எல்லை எண் சேராதவை: ‘ஐ விட அதிகம்’, ‘ஐ விடக் குறைவு’, ‘க்கு மேல்’, ‘இடையே’. ‘6-க்கும் 14-க்கும் இடையே’ உள்ள முழு எண்கள் 7. ‘6 முதல் 14 வரை’ உள்ளவை 9. ‘க்குள்’ மட்டும் வழுக்கும். ‘10-ஆம் தேதிக்குள் பணம் கட்டு’ என்றால் 10-ஆம் தேதியும் சேர்த்துத்தான். அந்தச் சொல் வந்தால், எல்லை எண்ணே விடையாக வர வாய்ப்புண்டா என்று பாருங்கள். இல்லை என்றால் கவலையில்லை. உண்டு என்றால் அதையும் சேர்த்துக்கொண்டதை விடையில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

எண்கோட்டில் காட்டும்போது ≤, ≥ என்றால் எல்லையில் நிரப்பிய புள்ளி. <, > என்றால் நிரப்பாத வட்டம்.

முன்பு பார்த்த கூலிக் கணக்கையே தொடர்வோம். கையில் 10,000 ரூபாய் இருக்கிறது. அதிகபட்சம் எத்தனை ஆள் அழைக்கலாம்?

420ந + 600 ≤ 10,000
420ந ≤ 9,400
ந ≤ 22.38

பாதி ஆள் இல்லை, ஆக 22. இங்கே ‘பக்கத்து முழு எண்’ என்ற பேச்சே கூடாது. 22.9 வந்திருந்தாலும் 22 தான். கடைசி வரி ‘ந ≤’ என்று முடிந்தால் கீழே இறங்க வேண்டும், ‘ந ≥’ என்று முடிந்தால் மேலே ஏற வேண்டும். சரிபார்க்க இரண்டு எண்களையும் போட்டுப் பாருங்கள்: 22 ஆளுக்கு 9,840, கைப்பணத்துக்குள் அடங்குகிறது. 23 ஆளுக்கு 10,260, அடங்கவில்லை. விடை பொருந்துகிறது, அடுத்தது பொருந்தவில்லை என்று இரண்டையும் காட்டினால்தான் ‘அதிகபட்சம்’ என்பது உறுதியாகும்.

காரணியும் அசமன்பாடும் கலந்தும் வரும். 48 நாற்காலிகளைச் சம வரிசைகளாகப் போட வேண்டும், வரிசைக்கு 4-க்குக் குறையாமலும் 10-க்கு மிகாமலும். எத்தனை வழி? 48-இன் காரணிகளை இணை இணையாக எழுதுங்கள்: 1 × 48, 2 × 24, 3 × 16, 4 × 12, 6 × 8. 7 × 7 = 49 என்று 48-ஐத் தாண்டிவிடுவதால் அதற்குமேல் தேட வேண்டாம். வரம்புக்குள் வருபவை 4, 6, 8. மூன்று வழி. எல்லையான 4 சேரும், ஏனென்றால் ‘குறையாமல்’ என்று சொன்னார்கள்.

குறை எண்ணால் பெருக்கும்போதும் வகுக்கும்போதும் குறி திரும்ப வேண்டும் என்பதை மனப்பாட விதியாகக் கொடுத்தால் இரண்டு வாரத்தில் மறந்துபோகும். காரணத்தோடு சொல்லுங்கள். 3 அடியை விட 5 அடி உயரம் அதிகம். ஆனால் கிணற்றில் தரையிலிருந்து 5 அடி கீழே இருக்கும் தண்ணீரை விட 3 அடி கீழே இருக்கும் தண்ணீர்தான் மேலே இருக்கிறது. 3 < 5, ஆனால் −3 > −5. தரைக்கு மேலே இருந்ததைத் தரைக்குக் கீழே கவிழ்த்தால் வரிசையும் கவிழ்கிறது.

மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. நாளுக்கு 0.75 அடி வீதம் குறைகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். எத்தனை நாள்வரை மட்டம் 90 அடிக்குக் குறையாமல் இருக்கும்?

120 − 0.75ந ≥ 90
−0.75ந ≥ −30
ந ≤ 40

மூன்றாவது வரியில் குறி திரும்பியிருக்கிறது. திருப்ப மறந்து ந ≥ 40 என்று எழுதினால், 40 நாளுக்குப் பிறகுதான் அணையில் தண்ணீர் போதுமான அளவு இருக்கும் என்று பொருள் வரும், குறைந்துகொண்டே போகும் அணையில்! படித்துப் பார்த்தாலே பிழை தெரிந்துவிடும். குறி திரும்புவதில் தயக்கம் உள்ளவர்கள் 0.75ந-வை மறுபக்கம் கொண்டுபோய் மிகை எண்ணாக்கிக்கொள்ளலாம்: 30 ≥ 0.75ந, அதாவது 40 ≥ ந. திருப்ப வேண்டிய தேவையே வராது. தொடக்கத்தில் இதையே பழக்குவது நல்லது.

முழுதாக ஒரு கணக்கு: நெல்லின் ஈரம்

கொள்முதலுக்கு நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது படுகையில் எல்லார் வீட்டிலும் தெரிந்த விதி. 1,000 கிலோ நெல் 20 சதவீத ஈரத்தோடு இருக்கிறது. காயவைக்கும்போது குறைந்தது எத்தனை கிலோ நீர் போக வேண்டும்? விடையை முழு கிலோவில் சொல்க.

பெரியவர்களே சட்டென்று ‘3 சதவீதம் குறைய வேண்டும், ஆக 30 கிலோ’ என்பார்கள். தவறு. நீர் போகப்போக நெல்லின் மொத்த எடையும் குறைகிறது. 17 சதவீதம் என்பது குறைந்த அந்த எடையில் 17 சதவீதம்.

கேட்பது நீரின் எடை. ந = வெளியேறும் நீரின் எடை, கிலோவில். இப்போதுள்ள நீர் 200 கிலோ. காய்ந்த பிறகு நீர் 200 − ந, மொத்த எடை 1,000 − ந. ‘மிகாமல்’ என்பதால் ≤.

200 − ந ≤ 0.17(1,000 − ந)
200 − ந ≤ 170 − 0.17ந
30 ≤ 0.83ந
ந ≥ 36.14…

இரண்டாவது வரியில் 0.17-ஐ அடைப்புக்குறிக்குள் இருக்கும் இரண்டு உறுப்புகளோடும் பெருக்க வேண்டும். ந-வை விட்டுவிட்டால் பழைய 30 தான் திரும்ப வரும். மூன்றாவது வரியில் ந-வை மிகையாக இருக்கும் பக்கம் கொண்டுவந்ததால் குறி திருப்பும் வேலை இல்லை. ‘குறைந்தது’ என்று கேட்டிருப்பதால் மேலே ஏற வேண்டும்: 37 கிலோ.

36 போதாதா? போட்டுப் பார்ப்போம். நீர் 164, மொத்தம் 964. 164-ஐ 964 ஆல் வகுத்தால் 17.01 சதவீதம், மயிரிழையில் தாண்டுகிறது. 37 என்றால் நீர் 163, மொத்தம் 963, 16.93 சதவீதம். சரி.

வேறு வழியிலும் சரிபார்க்கலாம். நீர் தவிர்த்த நெல் 800 கிலோ, அது காய்ந்தாலும் மாறாது. ஈரம் 17 என்றால் அந்த 800 கிலோ மொத்தத்தில் 83 சதவீதம். 800-ஐ 0.83 ஆல் வகுக்க ஏறக்குறைய 963.86. ஆயிரத்திலிருந்து கழித்தால் 36.14. எது மாறுகிறது என்று பார்ப்பதைவிட எது மாறாமல் நிற்கிறது என்று பார்ப்பது பல சதவீதக் கணக்குகளுக்கு எளிய வாசல்.

பழகிப் பார்க்க

4, 6, 10 நாளுக்கு ஒருமுறை தண்ணீர் பெறும் மூன்று வாய்க்கால்களில் ஜூன் 12 அன்று சேர்ந்து தண்ணீர் வந்தது. அடுத்து மூன்றிலும் சேர்ந்து வருவது என்றைக்கு?

2 வேலி 7 மா 35 குழி நிலம் மொத்தம் எத்தனை குழி? ந வேலி, ப மா என்றால் குழிக் கணக்கில் அதன் கோவை என்ன?

ஒரு வேனில் அதிகபட்சம் 14 பேர் அமரலாம். 100 பேராவது போக வேண்டும். குறைந்தது எத்தனை வேன்?

விடைகள்: ஆகஸ்ட் 11. 4,735 குழி, 2,000ந + 100ப. 8 வேன். மூன்றாவதற்கு 7 என்று வந்திருந்தால் 7 வேனில் 98 பேர்தான் ஏற முடியும் என்பதை எழுதிப் பார்த்துவிட்டு, கேள்வியில் ‘ஆவது’ என்ற சொல்லின் கீழ் ஒரு கோடு போடுங்கள்.